ஓய்வுபெற்ற அதிகாரிகள் பாடம் நடத்தினால் சேரலாமா?
தம்பி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வேலை பார்த்துக்கொண்டே பொது நிர்வாக முதுகலை படிக்கலாமா, விரிவுரையாளர்களில் பாதிப் பேர் முனைவர் பட்டம் இல்லாத ஓய்வுபெற்ற அரசு அதிகாரிகளாச்சே என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். நானும் தோட்டத்துப் பிள்ளைதான், எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, குடிநீர்க் குழாய் வர ஏன் அத்தனை வருடம் ஆனது என்பது, தோட்டம் தனியார் நிலம் என்பதால் கோப்பு எந்தெந்த மேசையில் நின்றுபோகும் என்று முன்னாள் மாவட்ட அதிகாரி ஒருவர் வகுப்பில் வரைந்து காட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் ஆய்வுமுறை, புள்ளியியல், அப்புறம் ஆய்வேட்டு மேற்பார்வை, இதற்கெல்லாம் முழுநேர முனைவர்கள் கட்டாயம் வேண்டும். உங்களுக்கு யார் மேற்பார்வையாளர் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். படிப்புகளை அங்கீகரிக்கும் மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.