தேதி பின்னோக்கிப் போன கம்ப்யூட்டர்

கேள்வி: எங்கள் அரிசி மண்டிக் கணக்கெல்லாம் பழைய டெஸ்க்டாப்பில்தான். இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவோம். திடீரென்று விண்டோஸ் வரவில்லை. சரியான பூட் டிவைஸைத் தேர்ந்தெடு என்று கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்து. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) தேதி 2012 என்கிறது! கடையில் ஃபார்மெட் போடச் சொல்கிறார்கள்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஐயா, முதலில் அந்த ஃபார்மெட்டை நிறுத்துங்கள்; கணக்கெல்லாம் அழிந்துவிடும். குற்றவாளி யாரென்று நீங்களே எழுதிவிட்டீர்கள்: தேதி.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் எட்டணாக் காசு போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 தடிமன், பெயரிலேயே அளவு. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும், பல பழைய போர்டுகளில் பயாஸ் அமைப்புகளையும் காப்பது அதுதான். அது செத்தால், மெயினை அணைத்ததும் எல்லாம் மறந்துவிடும். எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்புவது என்பதும் சேர்த்து.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் புது 3 வோல்ட் பேட்டரி போடுங்கள். பயாஸில் ஹார்ட் டிஸ்க் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் பாதிக் கவலை போச்சு. அதை பூட் வரிசையில் (எதிலிருந்து கிளம்புவது என்ற பட்டியல்) முதலில் வையுங்கள். அப்படியும் வராவிட்டால், பயாஸிலேயே சாட்டா முறையை (டிஸ்க்கோடு போர்டு பேசும் விதம்) ஏஹெச்சிஐ, ஐடிஇ என்று மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் ஏற்றியபோது இருந்ததுதான் வேண்டும். யுஇஎஃப்ஐ (புது பூட் முறை), லெகஸி (பழைய முறை) விஷயமும் அப்படியே.

டிஸ்க் பெயரே காணோமா? சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் மட்டும் கை வைக்காமல் டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

விண்டோஸ் வந்ததும் தேதியைத் திருத்திவிட்டுக் கணக்கைத் திறங்கள். நான் ஒருமுறை மறந்து, ஒரு நாள் பில் முழுக்கப் பழைய வருடத்தில் போட்டுத் திட்டு வாங்கினேன்.