ஷாக் அப்சர்பர்: ஜோடி, பில், போல்ட்

கேள்வி: என் பழைய மாருதி 800 காரில் பின்பக்க ஷாக் அப்சர்பர் ஒன்றில் மட்டும் எண்ணெய் கசிகிறது. மெக்கானிக் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் தேய்ந்ததுமாக இருந்தால், பள்ளத்திலும் திடீர் பிரேக்கிலும் இரு பக்கமும் ஒரே விதமாக அடங்காது. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: முன்பக்க ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங்கைக் கயிற்றால் கட்டி, வீட்டிலேயே கழற்றலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. ஸ்ட்ரட் என்பது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு. சக்கரம் தொங்கும்போதும் அந்த ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கிறது; அதை அழுத்திப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைத் தளர்த்தினால் அது முகத்தில்தான் பாயும்.

கேள்வி: புதியது என்று கடைக்காரர் கொடுத்த ஷாக் இரண்டே வாரத்தில் கசிந்தது. பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் பழைய பெயின்ட் தெரிகிறது. பில் தரவில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகையைக் காட்டுகிறார்.
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. என் ஸ்கூட்டருக்கு நான் வாங்கிய ஜோடியும் இந்த இனம்தான்; எண் பொறித்திருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்டு ராவிய கோடுகள் இருந்தன. பழையதைப் பழையது என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. கறுப்பு பெயின்ட் அடித்துப் புது அட்டைப்பெட்டியில் போட்டு விற்பது மோசடி. அந்தப் பலகைக்கோ சட்டத்தில் மதிப்பே இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளை, பில்லில் காலவரையறை எதுவும் இல்லாதபோது 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கைகள். கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவே நல்ல சான்று. உரிந்த பெயின்ட்டைப் படமெடுத்து, கடைக்கு எழுத்துமூலம் கோரிக்கை அனுப்புங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதன்பிறகும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம்; செலுத்திய விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை.

கேள்வி: இணையத்தில் மலிவாகக் கிடைத்ததை வாங்கினேன். வேறு மாடலுக்கானதாம். பெட்டியைக் கிழித்தெறிந்துவிட்டேன். பணம் கிடைக்குமா?
– வாசகர், வேலூர்

பதில்: எந்த மாடலுக்கு, எந்த ஆண்டு வண்டிக்கு என்பது விற்பனைப் பக்கத்திலேயே இருந்திருக்கும். படிக்காமல் வாங்கியதற்கு யாரைக் குறை சொல்வது?

கேள்வி: பின்பக்க ஷாக்கை நானே மாற்றினேன். பள்ளத்தில் இறங்கினால் கிறீச்சிடுகிறது. கடைக்காரரிடம் சண்டை போடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சண்டைக்கு முன் கீழ்முனை போல்ட்டைப் பாருங்கள். வண்டி ஜாக்கியில் நிற்க, சக்கரம் தொங்கும் நிலையில் அதை முழுவதும் இறுக்கியிருந்தால், வண்டி இறங்கியதும் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான புஷ் முறுக்கிக்கொண்டு கத்தும், விரைவில் கிழியும். போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, சக்கரம் தரையில் பதிந்து எடை முழுவதும் ஏறிய பின் இறுக்குங்கள். மறுபடி கழற்ற வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், பின் அச்சுக்கும் முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அது கீழிறங்கிப் பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர் குழாயை (ஹோஸை) இழுத்துவிடும். அப்புறமும் சத்தம் வந்தால் பில்லுடன் கடைக்குப் போங்கள்.