பிரிட்டிஷ் டிவி காமெடி: அவர்கள் சிரிக்கிறார்கள், நமக்குப் புரியவில்லை

லண்டனுக்கு வந்து ஆறு மாசம் ஆகுது அக்கா. ஆபீஸில் யாராவது என் பெயரைக் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் "டோன்ட் டெல் ஹிம், பைக்!" என்கிறார். எந்த பைக்?

வண்டி இல்லை தம்பி, ஆள் பெயர். 1968 முதல் 1977 வரை வந்த 'டாட்ஸ் ஆர்மி' தொடரில் வரும் பொடியன். இரண்டாம் உலகப்போரில் வயசானவர்களும் பட்டாளத்தில் சேர வயசு வராதவர்களும் ஊர்க்காவல் பார்த்த கதை அது. 1973-ல் வந்த ஒரு பகுதியில், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன், "நாங்கள் ஜெயித்ததும் கவனித்துக்கொள்கிறேன்" என்று எதிர்த்துப் பேசியவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டே வருகிறான். பைக் ஹிட்லரைக் கிண்டல் செய்து பாடுகிறான். "உன் பெயரும் ஏறும். பெயர் என்ன?" என்கிறான் கேப்டன். பையனைக் காப்பாற்றப் பதறிய மேலதிகாரி கத்துகிறார்: "சொல்லிடாதே, பைக்!"

காப்பாற்றப் போனவரே காட்டிக்கொடுத்துவிட்டார். எழுதிய இருவரில் ஒருவரான ஜிம்மி பெர்ரி, சிறு வயதில் அதே படையில் இருந்தவர். அந்தக் கேலியில் அவ்வளவு பிரியம் இருப்பது அதனால்தான்.

ஹார்டுவேர் கடையில் நாலு மெழுகுவர்த்தி கேட்டேன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தப்பாகக் கேட்டுட்டேனா?

சரியாகத்தான் கேட்டிருக்கீங்க! 1976-ல் 'தி டூ ரோனீஸ்' நிகழ்ச்சியில் வந்த கடைக் காட்சி நினைவுக்கு வந்திருக்கும். வாடிக்கையாளர் கேட்பது 'ஃபோர் கேண்டில்ஸ்' என்று காதில் விழ, கடைக்காரர் நாலு மெழுகுவர்த்தியை எடுத்து வைக்கிறார். அவருக்கு வேண்டியதோ 'ஃபோர்க் ஹேண்டில்ஸ்', தோட்டத்தில் மண் கிளறும் கருவிக்குக் கைப்பிடி. அங்கே பாமர மக்கள் பேச்சில் 'ஹ' விழுந்துவிடும். ஹோட்டலை நாம் ஓட்டல் என்கிறோமே, அப்படித்தான். பிறகு அவர் 'ஓஸ்' கேட்கிறார். கடைக்காரர் களைக்கொத்து ('ஹோ') தருகிறார், தண்ணீர்க் குழாய் ('ஹோஸ்') தருகிறார், கடைசியில் பார்த்தால் வாசல் கேட்டில் ஒட்ட 'ஓ' என்ற எழுத்து! கடைக்காரர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பதைப் பாருங்க, அபாரம்.

ஈமெயில் 'ஸ்பேம்' கூட காமெடியில் இருந்து வந்ததா?

ஆமாம். ஸ்பேம் என்பது டப்பாவில் வரும் பன்றி இறைச்சி. பிரிட்டனில் ரேஷன் 1954 வரை நீடித்ததால் அதைத் தின்று அலுத்த தலைமுறை உண்டு. 1970-ல் 'மான்டி பைதான்' காமெடிக் குழு டிவியில் காட்டிய ஓட்டலில் எதைக் கேட்டாலும் ஸ்பேம்தான். வேண்டாம் என்றாலும் வந்துகொண்டே இருக்கும். கேட்காமலே வந்து குவியும் ஈமெயிலுக்குப் பெயர் பொருந்திப்போச்சு.

ஜெர்மனியில் வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி டிவியில் அதே ஆங்கில நாடகம்தான். என் பிரிட்டிஷ் நண்பனுக்கு அது தெரியவே இல்லை!

'டின்னர் ஃபார் ஒன்'. நடித்த இருவரும் ஆங்கிலேயர்கள், பதிவு செய்தது 1963-ல் ஜெர்மன் தொலைக்காட்சி. தன் நாட்டில் அதிகம் பேர் பார்க்காத நாடகம் ஜெர்மனியில் புத்தாண்டுச் சடங்காகிவிட்டது. பாட்டிக்கு 90-வது பிறந்தநாள். விருந்துக்கு வரவேண்டிய நாலு நண்பர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பட்லரே நாலு பேருக்கும் பதிலாக மாறி மாறிக் குடிக்கிறார். தள்ளாடி, தரையில் கிடக்கும் புலித்தோலின் தலையில் திரும்பத் திரும்பத் தடுக்குகிறார். அந்தத் தலையையே கவனியுங்க. ஒரு தடவை தடுக்காமல் கடந்துவிட்டு, அவரே திரும்பிப் பார்த்து ஆச்சரியப்படுவார்.