சமதரையில் கோல்ஃப் மைதானம்: கேள்வி பதில்

புளோரிடாவில், குடியிருப்போடு சேர்ந்த ஒரு கிளப்பில் கோல்ஃப் மைதானப் பராமரிப்பைக் கவனித்துவந்தேன். ஊர் திரும்பிய பிறகு காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: மகன் புளோரிடாவில் கோல்ஃப் மைதானத்தை ஒட்டி வீடு வாங்கியிருக்கிறான். கொல்லைப்புறத்திலேயே குளம். அங்கே இத்தனை குளங்கள் எதற்கு?

ஆச்சி, அவற்றில் பெரும்பாலானவை வெட்டிய குளங்கள். அங்கே தரை தட்டையானது. பல இடங்களில் சில அடி தோண்டினாலே நீர் ஊறிவிடும். வீட்டு மனையும் உயர வேண்டும், மைதானத்துக்கும் மேடு வேண்டும். ஊருணி வெட்டிய மண் கரையாவதுபோல, குளத்து மண்தான் இரண்டுக்கும் போகிறது. கோடையில் மழை கொட்டும்போது வீதி நீரும் கூரை நீரும் அந்தக் குளத்தில்தான் இறங்கும். 1980-இல் புளோரிடாவில் திறக்கப்பட்ட சாக்ராஸ் கோல்ஃப் மைதானத்தின் 17-ஆம் குழி இருக்கும் புல்தரை, நீர் நடுவே தீவாக இருப்பதும் இப்படித்தான். வடிவமைப்பாளர் பீட் டை அங்கிருந்த நல்ல மணலை அள்ள அள்ளப் பள்ளம் பெரிதாகிவிட்டது; தீவாக்கிவிடலாம் என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி ஆலிஸ். பேரப்பிள்ளைகளைக் கரையோரம் தனியே விடாதீர்கள். முதலைகள் வந்து தங்கும்.

தேவகோட்டை வாசகர்: என்ன புல் போடுகிறார்கள்?

நம் அருகம்புல்லும் பெர்முடா புல்லும் ஒரே இனம். மைதானத்தில் போடுவது அதை ஆப்பிரிக்கப் புல்லோடு சேர்த்த கலப்பின ரகம். விதை பிடிக்காது, தண்டை நறுக்கி நட வேண்டும். குழி இருக்கும் கிரீனில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுவோம்.

ஆனால் புல்லைவிட அடித்தளமே முக்கியம்: 30 சென்டிமீட்டர் மணல், அதன்கீழ் சரளை, வடிகால் குழாய். குழியை அடிக்கடி இடம் மாற்றுவோம். வட்டக் கத்தியை இறக்கி உருவினால் 108 மில்லிமீட்டர் அகலத்தில் மணல் உருளை வரும். மேலே பழுப்புச் சருகு, கீழே வெள்ளை வேர். வேர் குட்டையாக இருந்து, நடுவில் கறுப்புப் படலம் ஓடி, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் நீர் வடியவில்லை என்று பொருள். அப்போது உரம் போடுவது வீண், வடிகாலைப் பாருங்கள்.

பள்ளத்தூர் வாசகர்: குளிர்காலத்தில் பழுப்பாகும் புல் செத்துவிட்டதா?

இல்லை, உறங்குகிறது. பச்சை வேண்டுமென்போர் மேலே குளிர் தாங்கும் ரை புல் விதை தூவுவார்கள்.

கோட்டையூர் தம்பி: நம் பக்கம் மனைப்பிரிவோடு ஒன்பது குழி மைதானம் அமைக்கலாமா?

ஆழ்துளைக் கிணற்றை நம்பி என்றால் வேண்டாம், தம்பி. புளோரிடாவிலேயே பல மைதானங்கள் சுத்திகரித்த கழிவுநீரில் நடக்கின்றன. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. அது ஊருணிக்கும் கண்மாய்க்கும் போய்ச் சேர வேண்டும். வரத்துக்காலை மறித்து மேடு போட்டால் கீழூரின் தண்ணீரைப் பறித்ததாகும். அதை என்னால் ஏற்கவே முடியாது. பெருமழை நாளில் குடையோடு நிலத்தைச் சுற்றி வந்து, நீர் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பாளரை அதற்குப் பிறகு அழைக்கலாம். வீடுகளின் சுத்திகரித்த கழிவுநீரே பாசனத்துக்குப் போதுமானால் மூன்று குழிகளோடு தொடங்குங்கள். புல்லை கிரீனுக்கும் பந்தடிக்கும் மேடைக்கும் மட்டும் போட்டு, இடையில் செம்மண்ணை அப்படியே விடுங்கள்.