எக்செல் ஷீட்டை அட்டாச் செய்யாமல், மெயிலுக்குள்ளேயே தெரிகிற மாதிரி அனுப்ப முடியுமா?

தாராளமாக முடியும். நாலு வருஷமாகத் தினமும் காலையில் நான் செய்கிற வேலையே இதுதான்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி, அரளி என்று அன்றைய விலைப் பட்டியல் வெளியூர் வியாபாரிகளுக்கு மெயிலில் போக வேண்டும். முதலில் ஃபைலை அப்படியே அட்டாச் செய்துகொண்டிருந்தேன். போனில் அதைத் திறக்க யாருக்குப் பொறுமை? "தம்பி, மல்லி என்ன விலைன்னு வாயால சொல்லு" என்று கூப்பிட்டுவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. அதே ஃபைலில் கொள்முதல் விலை ஷீட்டை ஹைட் செய்து வைத்திருந்தேன். ஒருத்தர் அன்ஹைட் செய்து பார்த்துவிட்டு, "கிலோவுக்கு இம்புட்டு வைக்கிறீகளா?" என்று முதலாளிக்கே போன் போட்டார். அதோடு அட்டாச்மென்ட்டுக்கு முழுக்குப் போட்டாச்சு.

சரி, வழிக்கு வருகிறேன். ஜிமெயில் என்றால் வேண்டிய கட்டங்களைக் காப்பி செய்து மெயிலுக்குள் பேஸ்ட் செய்தால் போதும், கோடு, நிறம் எல்லாம் கூடவே வரும். எங்கள் பட்டியலில் முதல் வரி மதுரை மல்லி. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ என்பதால் அதைத் தடித்த எழுத்தில்தான் போட வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. அதுவும் கலையாமல் போகிறது. ஃபார்முலா போகாது, விடை மட்டும்தான் போகும். எனக்கு அதுதான் வசதி.

இடையில் ஏதாவது பத்தியை (மேலிருந்து கீழே போகும் கட்ட வரிசையை) மறைத்து வைத்திருந்தால் மட்டும் கவனம். செலக்ட் செய்ததும் ஆல்ட் பட்டனோடு அரைப்புள்ளியை (;) அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரிகிற கட்டங்கள் மட்டும் பிடிபடும், அப்புறம் காப்பி செய்யுங்கள். சூடுபட்ட பூனை சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மெயில் புரோகிராமான அவுட்லுக், அதிலும் பழையது, இருந்தால் எக்செலிலிருந்தே அனுப்பலாம். 'சென்ட் டு மெயில் ரெசிபியன்ட்' என்ற பட்டன், எக்செலில் மேலே தெரியும் பட்டன் பட்டையான ரிப்பனில் இருக்காது. ஆப்ஷன்ஸுக்குள் போய் குயிக் ஆக்சஸ் டூல்பாரில் நாமே சேர்க்க வேண்டும். அதை அழுத்தினால், முழு ஃபைலையும் அட்டாச் செய்யவா, இந்த ஷீட்டை மெயிலின் உடலாக அனுப்பவா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் ஷீட்டுக்கு மேலேயே முகவரி, தலைப்பு எழுதும் இடம் வந்துவிடும். தினமும் ஒரே ஆட்களுக்கு அனுப்புகிறவர்கள் இதையே மேக்ரோவாக (வேலையைத் தானாகவே செய்து முடிக்கும் குட்டி புரோகிராமாக) எழுதி வைக்கலாம். ஆனால் புதிய அவுட்லுக்குக்கு மாறினால் அந்த மேக்ரோ வேலை செய்யாது. இருக்கிற பழையதை அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள்.

படமாக எடுத்து ஒட்டலாமே என்பார்கள். எனக்குப் பிடிக்காது. வாங்குகிறவர் எண்ணைக் காப்பி செய்ய முடியாது. சில மெயில்களில் படத்தைக் காட்டச் சொல்லி ஒரு தட்டுத் தட்டினால்தான் தெரியும்.

பட்டியல் பெரிது என்றால் பேசாமல் அட்டாச்மென்ட்டே அனுப்புங்கள். எக்செல் சின்ன அட்டவணைக்கே கண்ணுக்குத் தெரியாத குறிகளை ஏகப்பட்டது சேர்த்து மெயிலைக் கனமாக்கிவிடும். மெயில் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். பத்திகளும் நாலைந்துக்கு மேல் வேண்டாம், போன் திரை தாங்காது.

இன்னொன்று. கட்டத்தில் எண் கொள்ளாமல் வேலி போட்ட மாதிரி '####' என்று தெரிந்தால், மெயிலிலும் அப்படியேதான் போகும். ஒரு தை மாத முகூர்த்த நாளில் மல்லி ஆயிரத்தைத் தாண்டியது. மற்ற எல்லாப் பூவுக்கும் விலை போனது, மல்லிக்கு மட்டும் வேலி போனது. பழையபடி எல்லாரும் போனில் கூப்பிட்டார்கள். இப்போது அந்தப் பத்தியை ஆறு இலக்கம் கொள்கிற அளவுக்கு இழுத்துவிட்டிருக்கிறேன்.