சட்டம் படிக்கும்போதே எழுதலாமா? – வாசகர் கேள்வி பதில்

சட்ட மாணவி ஒருவர் அனுப்பிய கடிதமும், அதே பொருளைத் தொட்டு வேறு வாசகர்கள் கேட்டிருந்த சில கேள்விகளும் இந்த இதழின் பகுதியை முழுவதுமாக எடுத்துக்கொண்டுவிட்டன. பொருள் ஒன்றே என்பதால் அவற்றைச் சேர்த்தே தருகிறோம்.

கேள்வி: நான் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு மாணவி. முக்கியமான தீர்ப்புகளைப் பற்றி எளிய தமிழில் இணையத்தில் எழுதி வருகிறேன். நான் பயிற்சிக்குச் சென்ற அலுவலகத்தின் சீனியர், "முதலில் வழக்கறிஞராகப் பதிவு செய்து பத்து வருடம் வாதாடுங்கள், பிறகு எழுதலாம். இப்போதே எழுதினால் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் உங்களைத் தவறாக நினைப்பார்கள்" என்றார். நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். உங்கள் சீனியர் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவருடைய அறிவுரையில் எது அனுபவம், எது வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வழக்காடும் தொழிலைப் பாடப்புத்தகம் கற்றுத் தருவதில்லை. கேஸ் கட்டை எப்படி அடுக்குவது, நீதிபதி கேள்வி கேட்டால் வாதத்தை எந்த இடத்தில் நிறுத்துவது, எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும்போது எப்போது ஆட்சேபிப்பது, எப்போது விட்டுக்கொடுப்பது என்பவற்றையெல்லாம் ஜூனியர் சீனியரின் பின்னால் நின்றுதான் கற்றுக்கொள்கிறார். அந்தப் பயிற்சிக்கு ஈடு கிடையாது. ஆனால் அதனூடாக, வாய் திறக்காமல் இருப்பதே மரியாதை என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்கிறது. ஜூனியர்களுக்கு மாதந்தோறும் ஏதாவது தரப்படுகிறதா என்பதே நெடுங்காலம் சேம்பர் (வழக்கறிஞர் அலுவலக) வாசலில் முணுமுணுக்கப்பட்ட விஷயமாகத்தான் இருந்தது. குறைந்தபட்ச உதவித்தொகை 15,000 முதல் 20,000 ரூபாய் வரை வழங்கப்பட வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறிய பிறகே அது பரவலாகப் பேசப்பட்டது.

நீதிபதி பேசும்போது குறுக்கிடாமல் இருப்பது மன்றத்தின் ஒழுங்கு. அவர் எழுதி முடித்துக் கையெழுத்திட்டு வெளியிட்ட தீர்ப்பைப் பற்றிக் குடிமக்கள் பேசக்கூடாது என்று எந்த ஒழுங்கும் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் திறந்த மன்றத்தில் மட்டுமே வழங்கப்பட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 145(4)ஆவது கூறு விதித்திருப்பதே, அவை மக்களின் பார்வைக்கு உரியவை என்பதால்தான். அந்தத் திறந்த மன்றத்தை இன்னும் அகலத் திறந்துவிட்ட வழக்குகளில் ஒன்றைத் தொடுத்தவரும் ஒரு சட்ட மாணவரே. திங்கள், வெள்ளிக் கிழமைகளில் பயிற்சி மாணவர்கள் உச்ச நீதிமன்ற அறைகளுக்குள் அனுமதிக்கப்படாததை முன்வைத்து ஸ்வப்னில் திரிபாதி என்ற மாணவர் மனுச் செய்தார். அரசமைப்பு முக்கியத்துவம் வாய்ந்த வழக்குகளின் விசாரணையை நேரலையில் காட்டலாம் என்று 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பு வந்தது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசமைப்பு அமர்வுகளின் விசாரணையை யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. பத்து வருடம் வாதாடிவிட்டுக் கேட்கலாம் என்று அந்த மாணவர் காத்திருந்தால் அந்த மனுவில் அவர் பெயர் இருந்திருக்காது.

நீங்கள் தமிழில் எழுதுகிறீர்கள் என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. சட்ட விமர்சனம் நமக்குப் புதியதன்று. மெட்ராஸ் லா ஜர்னல் 1891 முதல் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அதன் மொழி ஆங்கிலம். அதற்கும் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், முன்சீப் வேதநாயகம் பிள்ளை ஆங்கிலத்தில் இருந்த உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து நூலாக வெளியிட்டார். வழக்கில் கட்டுண்டவர்களுக்குத் தங்களைக் கட்டும் சட்டம் தெரிய வேண்டும் என்பது அந்தப் பணிக்குள் இருந்த நியாயம். அந்த நியாயம் இன்றும் மாறவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது கூற்றின்படி சென்னை உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் இன்றும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2019 முதல் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்த்து வெளியிடுவது நல்ல காரியம். என்றாலும் நூறு பக்கத் தீர்ப்பின் மொழிபெயர்ப்பு நூறு பக்கமாகத்தான் இருக்கும். அதில் என்ன முடிவாயிற்று, ஏன் முடிவாயிற்று என்று நான்கு பக்கத்தில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

உங்கள் சீனியர் சொன்னதில் நான் ஏற்பது ஒன்று உண்டு: முழுதாகப் படிக்காமல் எழுதினால் உங்களைத் தவறாகத்தான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். அதைப் பற்றி அடுத்த வாசகர் கேட்டிருக்கிறார்.

கேள்வி: "உயர் நீதிமன்றம் அதிரடி உத்தரவு" என்று செய்தி வருகிறது. விசாரித்தால் அப்படி ஓர் உத்தரவே இல்லை என்கிறார்கள். சட்டம் படித்தவர்களாவது சரியாக எழுத வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். இந்தக் குழப்பம் பெரும்பாலும் மூன்று இடங்களில் தொடங்குகிறது.

முதலாவது, விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொல்வது. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையின்போது, தேர்தல் ஆணைய அதிகாரிகள் மீது கொலை வழக்கே பதியலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியதாக நாடெங்கும் செய்தி பரவியது. அப்படிப்பட்ட வாய்மொழிக் கருத்துகளை ஊடகங்கள் வெளியிடக்கூடாது என்று ஆணையம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2021 மே 6 அன்று வந்த தீர்ப்பு, அந்தச் சொற்கள் கடுமையானவை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அவை எழுத்து வடிவிலான உத்தரவின் பகுதி அல்ல என்பதால் நீக்குவதற்கு ஏதுமில்லை என்றும், நீதிமன்றத்தில் நடப்பதைச் செய்தியாக்கும் உரிமை ஊடகத்துக்கு உண்டு என்றும் கூறியது. வாய்மொழிக் கருத்தை எழுதலாம். அதை உத்தரவு என்று எழுதக்கூடாது என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இரண்டாவது, நோட்டீஸ். எதிர்மனுதாரர் பதிலளிக்குமாறு நோட்டீஸ் அனுப்பப்பட்டால் மனுதாரர் வென்றுவிட்டதுபோலச் செய்தி வருகிறது. அங்கே வழக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

மூன்றாவதே மக்களை அதிகம் ஏமாற்றுகிறது. நிலப்பட்டா கேட்டு ஒருவர் தாசில்தாரிடம் மனுக் கொடுக்கிறார், மாதக்கணக்கில் பதிலில்லை, அதிகாரிக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுகிறார். மனுதாரரின் கோரிக்கையைத் தகுதியின் அடிப்படையில், சட்டத்துக்கு உட்பட்டுப் பரிசீலித்து, குறிப்பிட்ட வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவு வருகிறது. மறுநாள் "பட்டா வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவு" என்று தலைப்பு. உத்தரவின் கடைசிப் பத்தியைப் படித்தவருக்குத் தெரியும், வழக்கின் தகுதி, அதாவது கோரிக்கை சரியா தவறா என்பது குறித்து நீதிமன்றம் எந்தக் கருத்தும் கூறவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கும். தாசில்தார் பரிசீலித்து மறுத்தாலும் அந்த உத்தரவை நிறைவேற்றியவர் ஆகிவிடுவார். இந்த வேறுபாடு தெரியாமல் கடன் வாங்கி வழக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு சட்ட மாணவர் இந்த ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாக எழுதிப் புரியவைத்தாலே அது பெரும் தொண்டு.

ஆகவே, எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் வழக்கு எண், தேதி, அமர்வு (விசாரித்த நீதிபதிகள்), அது இடைக்கால உத்தரவா இறுதித் தீர்ப்பா என்ற நான்கையும் தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும் என்பேன். உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு 2023 ஜனவரி முதல் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும்போது, செய்தியை வைத்து இன்னொரு செய்தி எழுதுவதற்குச் சாக்கு ஏதும் இல்லை. அமர்வில் ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதியிருந்தால் அதையும் படியுங்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், தடுப்புக் காவலில் இருப்பவர் நீதிமன்றத்தை நாடலாமா என்ற வழக்கில் நீதிபதி கன்னா மட்டும் தனியாக எழுதிய மறுப்பின் பக்கமே நியாயம் இருந்தது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் ஏற்றுக்கொண்டது. அன்றைய பெரும்பான்மைத் தீர்ப்பை மட்டும் படித்தவர் அந்த வழக்கில் பாதியைத்தான் படித்தவர்.

கேள்வி: தீர்ப்பைக் குறை கூறி எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு ஆகிவிடாதா? (மேற்படி மாணவி)

நியாயமான விமர்சனம் அவமதிப்பு ஆகாது. 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டமே இதைத் தெளிவாகச் சொல்கிறது. நீதிமன்ற நடவடிக்கையைச் சரியாகவும் நியாயமாகவும் செய்தியாக்குவதை 4ஆவது பிரிவும், விசாரித்து இறுதியாக முடிக்கப்பட்ட வழக்கின் தகுதி குறித்த நியாயமான கருத்தை 5ஆவது பிரிவும் பாதுகாக்கின்றன. "இறுதியாக முடிக்கப்பட்ட" என்பதைக் கவனியுங்கள். நிலுவையில் இருக்கும் வழக்கில், அதிலும் சாட்சி விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது, யார் குற்றவாளி என்று நாம் முடிவு சொல்வது முறையன்று.

"சாட்சி குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டதைத் தீர்ப்பு எங்கும் பரிசீலிக்கவில்லை, ஆகவே அதன் முடிவு நிற்காது என்று கருதுகிறேன்" என்று எழுதுவது விமர்சனம். "நீதிபதி யாருக்காகவோ இப்படி எழுதியிருக்கிறார்" என்று ஆதாரமின்றி எழுதுவது அவர் மீதான குற்றச்சாட்டு. முதலாவதைத் தயங்காமல் எழுதுங்கள். இரண்டாவதை எழுதினால் அவமதிப்புச் சட்டத்தோடு அவதூறுச் சட்டமும் சேர்ந்து வரும்.

அதற்காக எல்லைக்கோடு எல்லா இடத்திலும் தெளிவாக இருக்கிறது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். 2020இல் வழக்கறிஞர் பிரசாந்த் பூஷண் தம்முடைய இரண்டு ட்வீட்களுக்காக அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஒரு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டார்; கட்டத் தவறினால் மூன்று மாதச் சிறையும் மூன்று ஆண்டுகள் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடத் தடையும் என்றிருந்தது. நீதிமன்றத்தின் மாண்பைக் குலைப்பது என்ற குற்றத்தை இங்கிலாந்து 2013இலேயே சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. நாமும் அதைக் குறுக்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் சட்டம் மாறும்வரை இருக்கும் சட்டத்துக்குள் நின்றே எழுத வேண்டும், நிறையவே எழுதவும் அதில் இடமிருக்கிறது.

கேள்வி: பயிற்சிக்குப் போன அலுவலகத்தில் பார்த்த சுவையான வழக்கைப் பெயர் மாற்றி எழுதலாமா?

கூடாது. கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொல்வது அவர்கள் இருவருக்கும் இடையிலான இரகசியம். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆவது பிரிவு அந்தக் கடமையை வழக்கறிஞரின் எழுத்தர்களுக்கும் பணியாளர்களுக்கும்கூட விரிக்கிறது. சட்டத்தின் எழுத்துப்படி பயிற்சி மாணவர் அதற்குள் வருவாரா என்று ஆராய்வதைவிட, வருவதாகவே நினைத்து நடந்துகொள்வது நல்லது. பெயரை மாற்றினாலும் தொழில், உறவுமுறை, சொத்து இருக்கும் இடம் ஆகியவற்றை வைத்து ஊரார் ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பாலியல் குற்றங்களில் இது இன்னும் கண்டிப்பானது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி குற்றம். குழந்தைகளுக்கு, அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு உண்டு. குழந்தையின் பள்ளி, தெரு, தந்தையின் பெயர் என எதுவும் வரக்கூடாது. தீர்ப்பின் நகலில் கவனக்குறைவாகப் பெயர் வந்திருந்தாலும் நீங்கள் அதை எடுத்தெழுதாதீர்கள்.

கேள்வி: தீர்ப்பின் பகுதிகளை அப்படியே வெளியிட்டால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

வராது. நீதிமன்றமே தடை செய்திருந்தாலொழிய, தீர்ப்பை வெளியிடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. சட்ட இதழ்கள் தங்கள் உழைப்பில் எழுதித் தீர்ப்பின் தலையில் சேர்க்கும் சுருக்கமான தலைக்குறிப்புகளை மட்டும் எடுக்காதீர்கள்.

கேள்வி: படிப்பு முடிந்து வழக்கறிஞராகப் பதிவு செய்த பிறகு இந்தக் கட்டுரைகளை நீக்கிவிட வேண்டுமா? படிப்பவர்கள் தங்கள் சொந்த வழக்கைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வது? (மேற்படி மாணவி)

நீக்க வேண்டியதில்லை. இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளில் 36ஆவது விதி தடுப்பது விளம்பரத்தை. தாம் நடத்தும் வழக்கு குறித்துப் பத்திரிகைக்குக் கருத்துத் தருவதும் படம் வெளியிடுவதும்கூட அதற்குள் வரும். 2008இல் செய்த திருத்தத்தின்படி வழக்கறிஞர்கள் தம் பெயர், முகவரி, பதிவு எண், தகுதி போன்ற விவரங்களை மட்டும் இணையதளத்தில் தரலாம். இணையம் வழியாக வழக்குப் பிடிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கடுமையாகக் கண்டித்ததையும் நினைவில் வையுங்கள். சட்டத்தை விளக்கும் கட்டுரைக்கு இதனால் இடையூறு இல்லை. கட்டுரையின் அடியில் "ஆலோசனைக்கு அணுகவும்" என்று கைபேசி எண்ணைப் போட்டால்தான் சிக்கல்.

சொந்த வழக்கைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, பதிவு செய்யும்வரை ஆலோசனை சொல்லாதீர்கள். வழக்காடும் உரிமை 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு செய்தவர்களுக்கே உண்டு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது காலக்கெடு. உரிமையியல் வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யத் தொண்ணூறு நாள், மாவட்ட நீதிமன்றம் போன்ற மற்ற நீதிமன்றங்களுக்கு முப்பது நாள். உங்கள் பதிலை நம்பி ஒருவர் அந்த முப்பது நாளைத் தவறவிட்டால், தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனுப் போட்டு, அது ஏற்கப்படுமா என்று காத்திருக்க வேண்டியது அவர்தான். அவர்களிடம் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பற்றிச் சொல்லுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உதவி எண் 15100. அதை உங்கள் கட்டுரைகள் ஒவ்வொன்றின் கீழும் போடுங்கள். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை.