செருப்பைக் கொண்டுபோனது எது?

கேள்வி: அலை தண்ணீரைக் கொண்டுவருவதில்லை, சக்தியை மட்டுமே கொண்டுவருகிறது என்று என் மகளின் விஞ்ஞானப் பாடப்புத்தகம் சொல்கிறது. அப்படியென்றால் போன ஞாயிற்றுக்கிழமை கல்லடிக் கடற்கரையில் என் செருப்பைக் கொண்டுபோனது எது?
– ஒரு வாசகர், ஆரையம்பதி

பதில்: போனது ஒற்றைச் செருப்பா, சோடியா என்பதை நீங்கள் எழுதவில்லை. கோயில் வாசலில் என்றால் சோடியாகத்தான் போகும், அதுவும் புதியதாக இருந்தால் மட்டுமே போகும். கடலுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. கோயில் வாசலில் மூன்று முறை செருப்பு இழந்தவன் நான். மூன்றாம் முறை எனக்குப் பதிலாக அங்கே கிடந்த சோடி இரண்டு அளவு சிறியது. திருவிழாக் கூட்டத்தினூடே அதைப் போட்டுக்கொண்டு வீடுவரை நான் நடந்த நடையைக் கண்டவர்கள், வாதம் வந்துவிட்டதோ என்று மறுநாள் விசாரித்தார்கள். ஆனாலும் அலையை அறிவதற்குச் செருப்பைவிட நல்ல கருவி இல்லை என்பேன். அது மிதக்கும், தானாக எங்கும் போகாது, தொலைந்தால் உரியவரைத் தவிர எவரும் கவலைப்படமாட்டார்கள்.

அந்தச் செருப்பைக் கரையில் இழக்காமல், வள்ளத்தில் போய் ஆழ்கடலில் போட்டிருந்தால் புத்தகம் சொல்வது ஏறக்குறைய சரியாக இருந்திருக்கும். பத்து விநாடிக்கு ஒன்றாக வரும் அலையை எடுத்துக்கொள்வோம். ஆழமான நீரில் அதன் ஒரு முடிக்கும் (உச்சிக்கும்) அடுத்த முடிக்கும் இடையே உள்ள தூரம், அதாவது அலைநீளம், சுமார் 156 மீற்றர் இருக்கும். அந்த அலை மணிக்கு 56 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். செருப்பு அதனோடு ஓடுவதில்லை. முடி வரும்போது மேலெழுந்து முன்னே சாய்ந்து, பள்ளம் வரும்போது கீழிறங்கிப் பின்னே வந்து, பத்து விநாடியில் ஒரு வட்டத்தைச் சுற்றிவிட்டு அநேகமாகப் பழைய இடத்திலேயே நிற்கும். கீழே போகப்போக அந்த வட்டம் சிறுத்து, அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குப் போனால் ஆட்டமே தெரியாது. 'அநேகமாக' என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். வட்டம் முழுமையாக மூடுவதில்லை. அலை ஒரு மீற்றர் உயரமானால் ஒவ்வொரு சுற்றிலும் செருப்பு ஆறு சென்ரிமீற்றர் அளவில் முன்னே நகர்ந்திருக்கும். புத்தகம் இதைச் சொல்லாமல் விட்டதைக் குற்றமாகக் கொள்ள மாட்டேன்.

கரைக்கு அருகில் கதை வேறு. அடி மணல் அந்த வட்டத்தில் முட்டத் தொடங்கியதும் அது நசுங்கி நீள்கிறது. அலையின் வேகமும் அலைநீளமும் குறைகின்றன, உயரம் கூடுகிறது. மாறாமல் இருப்பது மீடிறன் ஒன்றுதான்: ஆழ்கடலில் பத்து விநாடிக்கு ஒன்று என்றால் கல்லடியிலும் பத்து விநாடிக்கு ஒன்றுதான். மீடிறன் என்று எழுதியதும் நண்பர் ஒருவர் பேனாவை எடுத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். 'அதிர்வெண்' என்று எழுதினால் தமிழ்நாட்டாருக்கும் விளங்குமே என்று அவர் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். நானும் பல ஆண்டுகளாக மறுத்து வருகிறேன். மீளும் திறன் மீடிறன். நாள்தோறும் நாடோறும் ஆனதைப் போல ளகரமும் தகரமும் டகரமாயின. கரையில் நின்று அலை மீண்டும் மீண்டும் வருவதைப் பார்த்தவன் ஆக்கிய சொல் அது. எண்ணுவதற்கு மட்டும் ஆக்கப்பட்டது அல்ல. நண்பரின் அடுத்த கடிதத்தைப் பிரசுரிக்க மாட்டேன்.

உயரம் கூடிக்கூடி, நீரின் ஆழத்தில் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்கு வந்ததும், அலையின் தலை காலை முந்திக்கொண்டு கவிழ்கிறது. அந்தக் கணத்தோடு வட்டம் முடிந்தது; அதற்குப் பிறகு நுரையோடு மணலில் ஏறுவது உண்மையான தண்ணீர், திரும்பி இறங்குவதும் உண்மையான தண்ணீர். உங்கள் செருப்பைக் கொண்டுபோனது அப்படித் திரும்பி இறங்கிய தண்ணீர்தான். அறுகம்பையில் அலைச்சறுக்குப் பலகையோடு காத்திருக்கும் வெள்ளைக்காரரைப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் தெரியும். அலை கவிழும் இடத்துக்கு அப்பால் இருக்கும்வரை அவர் உங்கள் செருப்பைப் போல ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். அலை செங்குத்தாக நிமிரும் இடத்துக்கு வந்ததும் அதன் சரிவில் வழுக்கிக்கொண்டு கரைக்கு வந்துவிடுவார்.

2004 டிசெம்பர் 26 காலை வந்த சுனாமி இந்த இரண்டிலும் சேராது. சுமத்ராவுக்கு அப்பால் கடலடி எழும்பியபோது, மேல்நீர் மட்டுமல்லாமல் அடிவரையுள்ள கடல் முழுவதும் அசைந்தது. அந்த அலையின் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் என்பதால் நான்கு கிலோமீற்றர் ஆழமும் அதற்குக் குட்டைதான். அங்கே மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய அலை, பத்து மீற்றர் ஆழத்துக்கு வரும்போது 36 கிலோமீற்றருக்குக் குறைந்துவிடுகிறது. முன்னே போவது தயங்க, பின்னே வருவது அதை நெருக்க, நீர் உயர்கிறது. அதன் முடி கடந்துபோக விநாடிகள் அல்ல, பல நிமிடங்கள் ஆகும். அத்தனை நிமிடமும் தண்ணீர் ஒரே திசையில் வந்துகொண்டே இருக்கும். நாவலடியிலும் கல்முனையிலும் தப்பி ஓடியவர்கள் 'கடல் வருகுது' என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். 'அலை வருகுது' என்று ஒருவரும் கத்தியதாக நான் கேள்விப்படவில்லை. பௌதிகவியல் படிக்காத அந்த வாய்களில் வந்த சொல் பாடப்புத்தகத்தின் சொல்லைவிடத் திருத்தமானது.

மகளின் புத்தகத்தில் அந்த வாக்கியத்துக்கு முன்னால் 'ஆழமான நீரில்' என்று பென்சிலால் எழுதிவையுங்கள். பரீட்சையில் மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். விடைத்தாள் திருத்துபவரும் கல்லடியில் செருப்பைத் தொலைத்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.